முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் நிஸ்குவாலி பலகைப் பாதை: எந்த நேரத்தில் போகலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம்?

சம்புக்கோரை (அக்டோபர் 12)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது. ஜனவரி இறுதி வரை வாஷிங்டன் மாநிலத்தில் எங்களுடன் தங்கியிருப்பார். வலது முழங்காலில் தேய்மானம் இருப்பதால், கைத்தடியுடன் சமதளத்தில் ஏறத்தாழ அரை மைல் நடப்பார். அதன்பின் பத்து நிமிடமாவது உட்கார்ந்தாக வேண்டும். பறவைகளைப் பார்ப்பதில் சிறு வயதிலிருந்தே ஆர்வம் உள்ளவர். எங்கள் வீட்டுச் சன்னலுக்கு வரும் குருவிகளைப் பார்த்தே இரண்டு வாரங்களைக் கழித்துவிட்டார்.

ஒலிம்பியாவுக்கு அருகிலுள்ள பில்லி ஃபிராங்க் ஜூனியர் நிஸ்குவாலி தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் கழிமுகத்தின் மேலே ஒரு மைல் நீளத்துக்குப் பலகைப் பாதை இருப்பதாக அறிந்தேன். பலகைப் பாதை என்பதால் எளிது என்று எண்ணி, நவம்பரில் ஒரு சனிக்கிழமை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கடைசி வரை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? காலையில் போவது நல்லதா, மாலையிலா? மழை பெய்தால் பலகைகள் வழுக்குமா? அங்கே போய் வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கழிமுகத்தான் (அக்டோபர் 12)

வணக்கம், நண்பரே. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மாதம் ஒருமுறையேனும் போய் வருகிறேன். முதலில் தூரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இதில்தான் தவறிவிடுகிறார்கள். நீங்கள் சொல்லும் ஒரு மைல் பலகைப் பாதை வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்குவதில்லை. பார்வையாளர் மையத்திலிருந்து ட்வின் பார்ன்ஸ் என்னும் இரண்டு பழைய களஞ்சியங்கள் வரை அரை மைல், அங்கிருந்து தண்ணீரைத் தடுக்கும் மண்கரையின்மேல் சரளைப் பாதையில் இன்னொரு அரை மைல், அதற்குப் பிறகுதான் அந்தக் கழிமுகப் பலகைப் பாதையின் முதல் பலகையில் கால் வைப்பீர்கள். கடைசி மேடை வரை போய்த் திரும்பினால் மொத்தம் நான்கு மைல். அரை மைல் நடந்தால் உட்கார வேண்டியவருக்கு அது எந்த வகையிலும் எளிய நடை ஆகாது.

இன்னொரு செய்தி. அக்டோபர் முதல் ஜனவரி வரை நீர்ப்பறவை வேட்டைப் பருவத்தில் அந்தப் பலகைப் பாதையின் கடைசி 700 அடி மூடப்பட்டிருக்கும். ஆகவே நவம்பரில் கடைசி வரை போவது யாருக்கும் இயலாது. அக்கம்பக்கத்து நிலங்களில் வேட்டை நடப்பதால் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் முதல் சத்தத்துக்கே திரும்பிவிடலாம் என்பார்.

என் பரிந்துரை ட்வின் பார்ன்ஸ் வளையப் பாதை. அதுவும் ஒரு மைல்தான், சமதளமான பலகைப் பாதைதான், ஆற்றோரக் காட்டுக்குள்ளும் நன்னீர்ச் சதுப்பின் ஓரமாகவும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே விட்டுவிடும். சக்கர நாற்காலியும் செல்லும். அதை இரண்டு மணி நேரத்தில் நடக்கத் திட்டமிடுங்கள், அரை மணியில் அல்ல.

சம்புக்கோரை (அக்டோபர் 13)

மிக்க நன்றி, ஐயா. நான்கு மைல் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஆனால் மனத்தில் ஒரு குறை. அம்மாவுக்குத் திறந்த கழிமுகத்தையும் ஆயிரக்கணக்கான வாத்துகளையும் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. காட்டுக்குள் போகும் வளையத்தில் அது கிடைக்குமா? சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன், ஆனால் அம்மா அதில் உட்கார ஒப்புவாரா என்பது ஐயமே.

தாழைக்கோழி (அக்டோபர் 13)

என் அண்ணன் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவருடன் நான்கைந்து புகலிடங்களின் பலகைப் பாதைகளில் போயிருக்கிறேன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பலகைப் பாதையில் சக்கரம் ஓடும் என்பது உண்மை. ஆனால் சக்கரம் ஓடுவதும் பறவையைக் காண்பதும் வேறு வேறு. கைப்பிடிகளின் மேற்கட்டை பெரும்பாலும் 42 அங்குல உயரத்தில் அமைக்கப்படுகிறது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவரின் கண்ணும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கிறது. நிற்பவர்கள் "அதோ பாருங்கள், நாரை" என்று காட்டும்போது அமர்ந்திருப்பவருக்கு ஒரு கட்டைதான் தெரியும். இதை நாங்கள் முதல்முறை போனபோது ஒரு மணி நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். அண்ணன் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் முதலில் நான் ஒரு மடக்கு முக்காலியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணிலிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். கைப்பிடி இல்லாமல் ஓரத்தில் தாழ்ந்த தடுப்புக் கட்டை மட்டும் இருக்கும் பகுதிகளே அமர்ந்து பார்க்க ஏற்றவை. தண்ணீர் ஆழமில்லாத இடங்களில் அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

உங்கள் அம்மா நாற்காலியை மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். எடை குறைந்த மடக்கு இருக்கை ஒன்றை நீங்கள் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். பாதையில் இருக்கைகள் இருக்கும், ஆனால் இருக்கை இருக்கும் இடத்தில் பறவை இருக்க வேண்டும் என்பதில்லை.

கழிமுகத்தான் (அக்டோபர் 13)

தாழைக்கோழி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சம்புக்கோரைக்கு ஒரு வழி சொல்கிறேன். இதுவே உங்கள் கேள்விக்கு உண்மையான விடை என்று நினைக்கிறேன்.

திறந்த கழிமுகத்தைக் காணக் கழிமுகப் பலகைப் பாதைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ட்வின் பார்ன்ஸ் மேடையில் நன்றாக ஓய்வெடுத்துவிட்டுக் கரைமேல் ஒரு நூறு, நூற்றைம்பது அடி மட்டும் செல்லுங்கள். சரளைதான், ஆனால் இறுகிக் கிடக்கும். அங்கே நின்றால் ஒரு பக்கம் நன்னீர்ச் சதுப்பு, மறுபக்கம் கடலின் ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், வந்து போகும் கழிமுகம். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் தண்ணீர் கரையின் அடிவாரத்தை நோக்கி வந்துவிடும், அதனுடன் வாத்துகளும் வரும். ஓதம் வடிந்த நேரத்தில் போனாலோ, கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான் இருக்கும். பறவைகள் அனைத்தும் வெகு தொலைவில் புள்ளிகளாகத் தெரியும். அப்போது நான்கு மைல் நடந்தவருக்கும் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆகவே "காலையா, மாலையா" என்பதைவிட "ஓதம் எப்போது" என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கழிமுகம் சேரும் பியூஜெட் சவுண்ட் என்னும் உள்கடலின் தென்கோடியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் 10 அடிக்கும் மேல். உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு என்னவென்றால், இப்பகுதியில் மிகத் தாழ்ந்த ஓதங்கள் கோடையில் நண்பகலை ஒட்டியும் குளிர்காலத்தில் இரவிலும் வருகின்றன. எனவே நவம்பர், டிசம்பர் மாதங்களில் பகல் நேரத்தில் தண்ணீர் பெரும்பாலும் ஏறியே இருக்கும். ஓத அட்டவணையைப் பார்த்து, உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கரைமேல் இருக்கும்படி கிளம்புங்கள். ஏறும் தண்ணீர் பறவைகளை உங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாக நகர்கிறது. கரைமேல் நின்று வடக்கே கழிமுகத்தைப் பார்த்தால் ஒளி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வாத்துகளின் நிறங்கள் துலங்கும். தெற்கே நன்னீர்ப் பக்கம் பார்த்தால் எல்லாம் கருநிழலாகவே தெரியும். அதனால் இருக்கையை வடக்கு நோக்கிப் போடுங்கள்.

வலசை (அக்டோபர் 14)

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். நிஸ்குவாலிக்கு வந்ததில்லை, ஆனால் பலகைப் பாதையில் பறவை பார்ப்பதைப் பற்றிச் சில சொற்கள். ஈரி ஏரியின் கரையில், ஒட்டாவா தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்கு அடுத்திருக்கும் மகீ சதுப்பின் பலகைப் பாதைக்கு ஒவ்வொரு மே மாதமும் போகிறேன். வடக்கே வலசை போகும் கதிர்க்குருவிகள் ஏரியைக் கடப்பதற்கு முன் அந்தச் சிறு காட்டில் இறங்கி இரை தேடும். கழுத்து நோக அண்ணாந்து பார்க்க வேண்டிய பறவைகள் அங்கே கைக்கெட்டும் தூரத்தில், கண் உயரத்தில் வந்து நிற்கும்.

அங்கே நான் கற்றுக்கொண்டது பலகையின் அதிர்வைப் பற்றியது. தொலைநோக்கியை முக்காலியில் பொருத்திப் பலகைமேல் நிறுத்தினால், இருபது அடிக்கு அப்பால் ஒருவர் நடந்தாலும் பார்வை முழுவதும் நடுங்கும். தரையில் நிற்பதுபோல் எண்ணி, பெரிய உருப்பெருக்கத்துடன் கருவி வாங்கி வருபவர்கள் இதனால் சலித்துப்போகிறார்கள். முக்காலியின் கால்களைப் பலகையின் நடுவில் ஊன்றாமல், அடியில் தூண் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஊன்றினால் அதிர்வு பெரிதும் குறையும். பலகையில் ஆணிகளின் வரிசை எங்கே செல்கிறது என்று பார்த்தால் அடியில் தாங்குகட்டை செல்லும் இடம் தெரியும்; அது கைப்பிடித் தூணுடன் சேரும் இடமே நல்லது. அம்மாவுக்குத் தொலைநோக்கி வேண்டாம். எட்டு மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்ட பைனாகுலர் போதும். பத்து மடங்கு வாங்காதீர்கள். கை நடுக்கமும் பலகை நடுக்கமும் சேர்ந்து அதில் பறவையை நிலையாகப் பார்க்க விடாது.

நீர்முள்ளி (அக்டோபர் 14)

இந்த இழையைப் படிக்கும்போது எனக்குள் ஒரு பழைய வருத்தம் எழுகிறது, அதைச் சொல்ல அனுமதியுங்கள். 2009-க்கு முன்பு நிஸ்குவாலியில் பிரௌன் பண்ணைக் கரையின் மேலே 5.5 மைல் வளையப் பாதை இருந்தது. கரையில் நடந்தே ஒரு முழுச் சுற்று வரலாம். அதை உடைத்தார்கள். இப்போது போன வழியிலேயே திரும்ப வேண்டிய பலகைப் பாதை இருக்கிறது, அதுவும் ஆண்டில் நான்கு மாதம் கடைசிப் பகுதி மூடப்படுகிறது. நன்னீர்ச் சதுப்பில் இருந்த பறவைகளில் பலவற்றுக்கும் இடம் சுருங்கியது. இவ்வளவு செலவு செய்து சேற்றின்மேல் மரத்தைப் பரப்பியதற்குப் பதில் கரையை விட்டுவைத்திருக்கலாம் அல்லவா?

கழிமுகத்தான் (அக்டோபர் 15)

நீர்முள்ளி அவர்களே, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தக் கரையில் நடந்த பலரிடம் அதையே கேட்டிருக்கிறேன். ஆனால் கரையை உடைத்தது நடப்பவர்களுக்காக அன்று. 1900-களின் தொடக்கத்தில் பண்ணைக்காகக் கட்டப்பட்ட அந்தக் கரை ஒரு நூற்றாண்டு காலம் ஓதத்தைத் தடுத்து நிறுத்தியிருந்தது. ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகள் உப்புநீருக்குப் பழகி வளர்வதற்குக் கழிமுகத்தின் ஆழமற்ற கால்வாய்கள் தேவை; கரை இருந்தவரை அவை அங்கே இல்லை. 2009-இல் கரையை அகற்றியதும் 762 ஏக்கர் நிலத்துக்குக் கடல் திரும்பி வந்தது. பலகைப் பாதை 2011-இல் திறக்கப்பட்டது. தூண்களின்மேல் நிற்கும் பாதைக்கு அடியில் ஓதம் தடையின்றி ஏறி இறங்குகிறது. அதே இடத்தில் மண்கரை இருந்தால் தண்ணீர் நின்றுவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே பலகைப் பாதை அங்கே நியாயமானது என்று கருதுகிறேன்.

அந்தப் புகலிடத்துக்கு 2015-இல் பில்லி ஃபிராங்க் ஜூனியரின் பெயர் சேர்க்கப்பட்டதும் இதனோடு தொடர்புடையதே. நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த அவர், அமெரிக்க அரசு செய்துகொண்ட 1854-ஆம் ஆண்டின் மெடிசின் கிரீக் உடன்படிக்கை தம் மக்களுக்கு உறுதியளித்த மீன்பிடி உரிமைக்காக ஐம்பது முறைக்கு மேல் கைதானவர். அந்த உடன்படிக்கை கையெழுத்தானதும் இதே கழிமுகத்தில்தான். அம்மாவை அழைத்துப் போகும்போது பெயரின் காரணத்தையும் சொல்லுங்கள்.

பறவைகள் குறைந்தன என்பதை முழுவதுமாக மறுக்க மாட்டேன். நன்னீரை நாடும் குருகும் கானாங்கோழியும் இப்போதுள்ள கரைக்கு உட்புறம் எஞ்சிய நன்னீர்ப் பகுதியில்தான் தென்படும். அதனால்தான் ட்வின் பார்ன்ஸ் வளையத்தை மெதுவாக நடக்கச் சொன்னேன். கானாங்கோழி நாணலின் விளிம்பில் ஒரு நொடி தலைகாட்டி மறைந்துவிடும். நடந்துகொண்டே இருப்பவர் அதைப் பார்ப்பதே இல்லை.

பாம்புத்தாரா (அக்டோபர் 15)

ஃபுளோரிடாவிலிருந்து எழுதுகிறேன். எளிய பலகைப் பாதை என்றால் பறவைகள் நிறைய இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு எங்கள் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று. பாய்ன்டன் கடற்கரை நகருக்கு மேற்கே லாக்ஸஹாச்சி புகலிடத்தில், பார்வையாளர் மையத்துக்குப் பின்னாலேயே, சைப்ரஸ் மரங்கள் தண்ணீரில் நிற்கும் காட்டுக்குள் 0.4 மைல் பலகைப் பாதை இருக்கிறது. நிழல், சமதளம், இருக்கைகள் எல்லாம் உண்டு. அடிமரங்களில் சிவப்புப் பாசிப்படலம்போல் ஒருவகை லைக்கன் படர்ந்திருப்பது காணத் தகுந்தது. ஆனால் நீர்ப்பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து வெளியே வந்து, வெயிலில், 0.8 மைல் சதுப்புப் பாதையைச் சுற்ற வேண்டும். இளைப்பாற ஏற்ற பாதையும் பறவை காண ஏற்ற பாதையும் ஒன்றாக அமைவது அரிது.

அங்கே நான் என் மாமியாருக்குக் காட்டிய பறவை என் புனைபெயருக்கு உரியது. அன்ஹிங்கா, நம் பாம்புத்தாராவின் நெருங்கிய உறவு. தண்ணீருக்கடியில் மீனைக் குத்திப் பிடித்துவிட்டு, நனைந்த இறக்கைகளை விரித்துப் பலகைப் பாதையின் ஓரக் கிளையிலேயே உலர்த்திக்கொண்டிருக்கும். பத்தடிக்கு இப்பால் நாங்கள் நின்றிருந்தும் அது அசையவில்லை. மனிதர்கள் எப்போதும் ஒரே கோட்டில் வந்து போவதால், அந்தக் கோட்டைத் தாண்டாதவரை பறவைகள் நம்மைப் பொருட்படுத்துவதில்லை என்று நினைக்கிறேன். ஒரு சிறுவன் கைப்பிடியில் ஏறி உடலை வெளியே நீட்டிய அந்த நொடியில் அது பறந்துவிட்டது.

தளத்தின் மற்ற வாசகர்களுக்காக இன்னொரு குறிப்பு. 1903-இல் தியடோர் ரூஸ்வெல்ட் அறிவித்த முதல் புகலிடமான பெலிக்கன் தீவும் ஃபுளோரிடாவில்தான் இருக்கிறது. அங்குள்ள பலகைப் பாதையில் நாட்டின் ஒவ்வொரு புகலிடத்தின் பெயரும் ஒவ்வொரு பலகையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. குனிந்து படித்துக்கொண்டே நடந்தால் கூழைக்கடாக்களைத் தவறவிடுவீர்கள். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

சம்புக்கோரை (அக்டோபர் 18)

இவ்வளவு விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை. அனைத்தையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நாரை நிற்பதுபோல் நிற்கத் தெரிந்தவளுக்கு எதற்கு நான்கு மைல்?" என்று கேட்டுவிட்டார். ஆகவே வளையப் பாதையும் கரைமேல் சில அடிகளும் என்று முடிவு செய்துவிட்டோம்.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அதிகாலையில் போனால்தான் பறவைகள் கிடைக்கும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்களே? கைப்பேசியில் குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அம்மாவால் அதிகம் நடக்க முடியாததால் அது உதவுமா?

வலசை (அக்டோபர் 18)

குரல் பதிவை ஒலிக்கவிட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டதாக எண்ணி அந்தப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு எதிரியைத் தேடி அலையும். பலகைப் பாதை என்பது நாள் முழுவதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே புதரைக் கடந்து போகும் இடம். அவர்களில் பத்துப் பேர் இப்படிச் செய்தால் அந்தப் பறவையின் நாள் என்ன ஆகும்? பல புகலிடங்களில் இதைத் தடை செய்தும் இருக்கிறார்கள்.

கைப்பேசியை மறுதிசையில் பயன்படுத்துங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி நீங்கள் கேட்கும் குரல்களை வைத்துப் பெயர்களைச் சொல்லும். அதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாழைக்கோழி (அக்டோபர் 19)

அதிகாலை பற்றி நான் சொல்கிறேன். காட்டுக் குருவிகளுக்கு அது பொருந்தும். குளிர்காலத்து வாத்துகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அவை நாள் முழுவதும் நீரில்தான் இருக்கின்றன. நவம்பரில் விடியற்காலையில் பலகைகளின்மேல் உறைபனி படிந்திருக்கும். மரநிழல் விழும் பகுதிகளில் பாசியும் சேர்ந்துகொள்ளும். முழங்கால் வலியுள்ள ஒருவர் வழுக்கி விழுந்தால் அது அந்த ஒரு நாளோடு முடிகிற செய்தி அன்று. பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். கைத்தடியின் நுனியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் போவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், தேய்ந்த ரப்பர் ஈரப் பலகையில் பிடிப்பதில்லை. மெல்லிய நுனியாக இருந்தால் பலகைகளுக்கு இடையிலான சந்தில் சிக்கவும் கூடும். அகன்ற நுனியே ஏற்றது.

இன்னொன்று, திரும்பும் தூரத்தை மறக்காதீர்கள். வளையத்தில் பாதிக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அரை மைல்தான். களஞ்சியங்களை அடையும்போது அம்மா களைத்திருந்தால் கரைமேல் போவதை விட்டுவிடுங்கள்.

சம்புக்கோரை (நவம்பர் 17)

சென்ற சனிக்கிழமை போய் வந்தோம். நீண்ட பதிவாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உச்ச ஓதம் நண்பகலுக்குச் சற்று முன்பு என்று அட்டவணையில் இருந்ததால் ஒன்பதரைக்கே வண்டியை நிறுத்திவிட்டோம். பலகைகள் ஈரமாக இருந்தன, உறைபனி இல்லை. முதல் அரை மைலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டோம். அம்மா ஒவ்வோர் இருக்கையிலும் உட்கார்ந்தார்; உட்கார்ந்த இடங்களில்தான் எல்லாம் நடந்தது. குளத்தோரத்தில் ஒரு பெருநாரை அசையாமல் நின்றதை மரக்கட்டை என்றே எண்ணிக் கடந்திருப்பேன், அம்மாதான் அதன் கண்ணைக் கண்டுபிடித்தார். நாணலுக்குள்ளிருந்து கானாங்கோழியின் குரல் இரண்டு முறை கேட்டது. இருபது நிமிடம் காத்திருந்தும் அது வெளியே வரவில்லை. அந்த இருபது நிமிடத்தில் பதினைந்து பேராவது எங்களைக் கடந்து போனார்கள்.

களஞ்சியங்களின் அருகே தேநீர் குடித்துவிட்டு, அம்மாவே கரைக்குப் போகலாம் என்றார். நூறு அடி போய் மடக்கு இருக்கையை வடக்கு நோக்கிப் போட்டேன். கழிமுகத்தான் ஐயா சொன்னது அப்படியே நடந்தது. நாங்கள் உட்கார்ந்தபோது தொலைவில் சேற்றின் விளிம்பில் இருந்த வாத்துக் கூட்டம், தண்ணீர் ஏற ஏற, அரை மணி நேரத்தில் எங்களுக்கு முன்னே வந்துவிட்டது. அமெரிக்க நாமத்தலை வாத்துகளின் சீழ்க்கை எல்லாப் பக்கமும் கேட்டது. அவற்றுக்கு நடுவே நீண்ட வாலுடன் சில ஆண்வாத்துகள் தென்பட்டதும் அம்மா "இது ஊசிவால், இங்கேயும் இருக்கிறதா?" என்றார். பதிலுக்கு நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்தது. ஒரு பூனைப்பருந்து புல்லுக்கு மேல் தாழ்வாக, இறக்கைகளை மேல்நோக்கிச் சாய்த்தபடி மிதந்து வந்துகொண்டிருந்தது. அது எதையும் பிடிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வாத்துகள் அனைத்தும் திரும்ப இறங்கிவிட்டன.

துப்பாக்கிச் சத்தம் மூன்று முறை கேட்டது. முன்பே சொல்லியிருந்ததால் அம்மா அஞ்சவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

கரைமேல் நாற்பது நிமிடம் இருந்தோம். திரும்பும்போது முழங்கால் சற்று வலித்தது, மறுநாள் சரியாகிவிட்டது. டிசம்பரில் மீண்டும் போக வேண்டும் என்கிறார். நம் நாட்டுக்கு வலசை வரும் நாமத்தலை வாத்தும் இந்தக் கூட்டத்துக்குள் இருக்கும் என்று எங்கோ படித்தாராம். செம்பழுப்புத் தலையுள்ள ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அது உண்மையிலேயே அங்கே வருமா?

நீர்முள்ளி (நவம்பர் 17)

உங்கள் பதிவைப் படித்த பின் பழைய கரையை நினைத்து வருந்துவதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு நானும் இந்தக் குளிர்காலத்தில் ஒருமுறை ஓதம் பார்த்துப் போகலாம் என்று இருக்கிறேன். கடந்த முறைகளில் நான் அட்டவணையைப் பார்த்ததே இல்லை.

கழிமுகத்தான் (நவம்பர் 18)

சம்புக்கோரை, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆம், அது வரும். ஐரோப்பா, ஆசியாவுக்குரிய நாமத்தலை வாத்தில் ஒன்றிரண்டு ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்குள்ள அமெரிக்க நாமத்தலை வாத்துகளின் கூட்டத்துக்குள் கலந்திருக்கும். தலை நிறத்தை மட்டும் தேடினால் கிடைப்பது கடினம், ஏனென்றால் அவை மேயும்போது தலை குனிந்தே இருக்கும். விலாவைப் பாருங்கள். அமெரிக்க வாத்தின் ஆண்பறவைக்கு விலா இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. நீங்கள் தேடும் ஆண்பறவைக்கு அது தூய சாம்பல் நிறம். கூட்டத்தை இடமிருந்து வலமாக மெதுவாகப் பைனாகுலரில் கடந்து வாருங்கள். பழுப்பு விலாக்களுக்கு நடுவே ஒரு சாம்பல் விலா தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, அது தலை நிமிரும்வரை காத்திருங்கள்.

டிசம்பர் பிற்பகுதியில் போக முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது சம் என்னும் வகைச் சால்மன் ஆற்றில் ஏறி முட்டையிட்டு மடியும். அவற்றைத் தின்ன வெண்தலைக் கழுகுகள் கூடத் தொடங்கும், ஜனவரியில் இன்னும் கூடும். ட்வின் பார்ன்ஸ் வளையத்தில் ஆற்றைப் பார்க்கும் மேடை ஒன்று உண்டு. எதிர்க்கரையில் இலையுதிர்ந்த மரங்களின் உச்சிகளைப் பார்க்க அம்மாவிடம் சொல்லுங்கள். கழுத்து நோகாமலிருக்க, சாய்மானம் உள்ள இருக்கையாக எடுத்துச் செல்லுங்கள். சூரியன் நான்கரைக்கு முன்பே மறைந்துவிடும் என்பதால் மூன்று மணிக்குள் வளையத்தின் பின்பாதியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.